வலசை போகும் பருந்துகளை எண்ணுவது எப்படி? ஹாக் மவுன்டன் பாறையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

செப்டம்பர் நடுவில் ஒரு காலை, மணி பத்தரை இருக்கும். பாறைமேல் உட்கார்ந்து அரை மணி நேரமாக வெறும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமலே, "நாலாவது முகட்டுக்கு மேலே, மேகத்தின் இடது ஓரம்" என்றார். எனக்கு மேகம் மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே மேகத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தன. எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. எத்தனை இருக்கும் என்று கேட்டார். "நிறைய" என்றேன். அவர் சிரித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்திருந்து, தாளில் 63 என்று எழுதினார்.

என்னுடைய "நிறைய" அவருடைய 63 ஆக மாற எனக்கு மூன்று இலையுதிர்காலம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த மலை எதற்கு?

ஹாக் மவுன்டன் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கெம்ப்டன் என்ற சிற்றூருக்கு அருகே, கிட்டடினி என்னும் நீண்ட மலைமுகட்டின் மேல் இருக்கிறது. முகடு வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்திலும் கோடையைக் கழித்த இரைகொல்லிப் பறவைகள் குளிருக்கு முன் தெற்கே போகும்போது இந்த முகட்டையே சாலையாகப் பிடித்துக்கொள்கின்றன. காட்டுக்குள் ஆயிரக்கணக்கான மைல் பரப்பில் கூடு கூடாகத் தேடிக் கணக்கெடுக்க யாராலும் முடியாது. சுங்கச்சாவடியில் உட்கார்ந்தால் வண்டிகள் தாமாக வரும். அதுதான் இங்கே கணக்கு.

ஒரு காலத்தில் இதே பாறையில் துப்பாக்கிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 1929இல் மாநில வேட்டைத் துறை காஸ்ஹாக் என்ற பருந்தின் தலைக்கு 5 டாலர் பரிசு அறிவித்தது. சுட வந்தவர்கள் காஸ்ஹாக்கோடு நிறுத்திக்கொள்ளவில்லை, பறந்து வந்த எல்லாவற்றையும் சுட்டார்கள். 1932இல் ரிச்சர்ட் பவ் என்பவர் செத்து விழுந்த பறவைகளைத் தரையில் வரிசையாக அடுக்கிப் படமெடுத்தார். அந்தச் செய்தி நியூயார்க்கில் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணியை எட்டியது. 1934இல் அவர் மலையில் சுமார் 1,400 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, காவலுக்கு மாரிஸ் பிரவுனையும் அவர் மனைவி இர்மாவையும் வைத்தார். பின்னால் நிலத்தையே வாங்கிவிட்டார். துப்பாக்கிக்காரர்களைத் திருப்பி அனுப்பிய நேரம் போக, பிரவுன் பாறையில் உட்கார்ந்து போகிற பருந்துகளை எண்ணினார். இரண்டாம் உலகப்போரின்போது சில ஆண்டுகள் விட்டுப்போனது தவிர, அந்தக் கணக்கு இன்றுவரை நடக்கிறது. ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை தினமும் எண்ணுகிறார்கள். சராசரியாகப் பருவத்துக்கு 18,000 பறவைகள், 16 வகைகள்.

பிரவுன் வெறும் எண்ணிக்கையோடு நிற்காமல் கழுகுகளின் வயதையும் குறித்து வைத்தார். வெண்தலைக் கழுகுக்குத் தலை வெளுக்க ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆகும், அதுவரை உடல் கரும்பழுப்பு. அதனால் இளசு எது, முதிர்ந்தது எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். 1935 முதல் 1939 வரை கடந்துபோன வெண்தலைக் கழுகுகளில் 40 விழுக்காடு இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை 20 விழுக்காடுதான். கழுகுகள் வந்துகொண்டிருந்தன, குஞ்சுகள் வரவில்லை. 1962இல் ரேச்சல் கார்சன் என்ற எழுத்தாளர் 'மௌன வசந்தம்' நூலில் டிடிடி பூச்சிமருந்துக்கு எதிராக வைத்த சான்றுகளில் இந்தக் கணக்கும் ஒன்று. 1972இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. பிரவுன் வயதைக் குறித்தபோது அது எதற்குப் பயன்படும் என்று அவருக்கே தெரிந்திருக்க வழியில்லை, டிடிடி அப்போது வயலுக்கு வரவே இல்லை. கீழே நான் "இதையும் எழுதுங்கள்" என்று நச்சரிக்கும் இடங்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: நாள் பார்ப்பது

கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதைவிட இது முக்கியம். இரண்டு விஷயம் சேர வேண்டும், மாதமும் காற்றும்.

ஆகஸ்ட் கடைசியில் மெதுவாகத் தொடங்கும். நம்மூர் ஏரிகளுக்கும் குளிர்காலத்தில் வரும் விராலடிப்பான், வெண்தலைக் கழுகு, கெஸ்ட்ரல் எனப்படும் சிற்றெழால் ஆகியவை ஒன்றிரண்டாக வரும். செப்டம்பர் 10 முதல் 25 வரை பிராட்விங் பருந்தின் காலம், கூட்டம் கூட்டமாகப் போவது இதுதான். 1978 செப்டம்பர் 14 அன்று ஒரே நாளில் 21,000க்கும் மேற்பட்ட பிராட்விங்குகள் இந்த மலையைக் கடந்தன. முழுப் பருவத்தின் சராசரியே அதற்குக் குறைவு. இவை தென் அமெரிக்கா வரை போகும். வழியில் மெக்சிகோவின் வெராக்ரூஸ் கரையோரம் குறுகிய சமவெளியில் மற்ற வகைகளோடு சேரும்போது, அங்கே ஒரு பருவத்துக்கு 40 லட்சத்துக்கு மேல் எண்ணுகிறார்கள்.

அக்டோபர் முதல் பாதி ஷார்ப்ஷின் என்ற சிறு பருந்துக்கும், மெர்லின், பைரி என்ற எழால்களுக்கும். நவம்பர் முதல் பாதி என் சொந்த விருப்பம். கூட்டம் இருக்காது, பறவைகளும் குறைவு, விரல் விறைக்கும். ஆனால் பொன்கழுகு வரும் நேரம் அதுதான். பருவத்துக்கு நூறு சொச்சம்தான் வரும். ஒன்று கண்மட்டத்தில் கடந்துபோனால் பாறையில் இருக்கிற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

இனி காற்று. வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் சொல்வோமே, அந்த இரண்டுக்கும் நடுவில் வீசும் வடமேற்குக் காற்றுதான் இங்கே வேண்டியது. அது முகட்டின் பக்கவாட்டில் மோதி மேலே ஏறும். பருந்து அந்த ஏறுகாற்றின்மேல் சாய்ந்துகொண்டு இறக்கையை அசைக்காமல் மணிக்கணக்கில் போகும். வானிலை வரைபடத்தில் குளிர் முகப்பு ஒன்று பென்சில்வேனியாவைக் கடந்துவிட்டது, மழை விட்டது, வெப்பம் இறங்கியது, காற்று வடமேற்குக்குத் திரும்பியது என்றால், அடுத்த ஒன்றிரண்டு நாளில் லீவு போட்டுவிடுங்கள். மழை, மூடுபனி, வலுவான தெற்குக் காற்று இருந்தால் எண்ணிக்கை படுக்கும். அந்த நாட்களிலும் எண்ண வேண்டும் என்பது வேறு விஷயம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் படி: மூட்டை கட்டுவது

8x42 அல்லது 10x42 பைனாகுலர் போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது; கை நடுங்கும் என்றால் 8. தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லையென்றால் குறையில்லை. பஸ் டெப்போவில் ஆள் எண்ணுகிறவர்கள் வைத்திருப்பார்களே, விரலால் அழுத்தும் எண்ணி, அது இரண்டு. பென்சில், ஏனென்றால் பேனா குளிரில் எழுதாது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, உட்காரத் தடிமனான மெத்தை. உச்சிப் பாறைக்குக் கற்கள் நிறைந்த பாதையில் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு நுழைவாயிலுக்குப் பக்கத்திலேயே தெற்குப் பாறை இருக்கிறது. கீழே வெயிலடித்தாலும் மேலே போட ஒரு கோட்டு கொண்டு போங்கள். சாப்பாட்டுக்குப் புளிசாதம்தான் சரி. ஒரு கையால் சாப்பிடலாம், கண் வானத்திலேயே இருக்கலாம்.

மூன்றாம் படி: நிலத்துக்குப் பெயர் வைப்பது

வானத்துக்கு அடையாளம் கிடையாது. "அதோ" என்றால் யாருக்கும் புரியாது. அதனால் எண்ணத் தொடங்குமுன் தொடுவானத்தை இடமிருந்து வலமாகப் படியுங்கள். ஹாக் மவுன்டனில் வடகிழக்கே தெரியும் முகட்டின் மேடுகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் பினக்கிள் என்ற மலைமுனை. வழக்கமாக வருகிறவர்கள் "மூணுக்கு மேலே ரெண்டு விரல்" என்பார்கள். கையை நீட்டி விரலைக் கிடையாகப் பிடித்தால் எத்தனை விரல் உயரம் என்று பொருள். நீங்கள் வேறு மலையில் எண்ணினால் கைபேசிக் கோபுரம், ஒற்றை மரம், தண்ணீர்த்தொட்டி என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வைத்ததைத் தாளில் படமாக வரைந்துவிடுங்கள், அடுத்த வாரம் வருகிறவருக்கு உதவும்.

நான்காம் படி: வானத்தைத் துழாவுவது

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான். பருந்து வரும், பார்க்கலாம் என்று காத்திருப்பார்கள். நாமாகத் தேடாவிட்டால் பாதிக்கு மேல் தவறிவிடும்.

முதலில் வெறுங்கண்ணால் மொத்த வானத்தையும் ஒரு சுற்று. பிறகு பைனாகுலரில் முகட்டுக் கோட்டை ஒட்டி மெதுவாக இடமிருந்து வலம். அடுத்து அதற்கு ஒரு பார்வை வட்டம் மேலே, வலமிருந்து இடம், முந்தைய பாதையோடு கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி. உழவு சால் போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் கட்டாயம் தலைக்கு நேர் மேலே ஒருமுறை பாருங்கள். எல்லோரும் தூரத்தையே பார்த்துக்கொண்டிருக்க, உச்சந்தலைக்கு மேல் நாற்பது பருந்து போனதை நான் கண்டிருக்கிறேன். கண்டது கடைசி ஆறைத்தான், மற்றவை போன பிறகு.

மேகமில்லாத நீலவானம் புகைப்படத்துக்கு அழகு, எண்ணுகிறவனுக்கு எதிரி. வெறும் நீலத்தைப் பார்க்கும் கண் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் தானாகவே கிட்டத்தில் குவிந்துவிடும். பறவை எதிரிலேயே இருந்தாலும் தெரியாது. அதனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பைனாகுலரைத் தொலைவில் உள்ள மலையிலோ ஒரு துண்டு மேகத்திலோ கூர்மையாக்கிவிட்டு, அதே குவியத்தோடு நீலத்துக்குத் திரும்புங்கள். வெள்ளை மேகம் வந்தால் விடாதீர்கள், அதுதான் உங்கள் திரை.

அரை மணிக்கொருமுறை ஐந்து நிமிடம் கண்ணை மூடுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எது கணக்கில் வரும்

பாறையை வெட்டிக்கொண்டு போகும் ஒரு கோடு வானத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து வந்து அந்தக் கோட்டைத் தாண்டித் தெற்கே போனால் ஒன்று. தாண்டாமல் திரும்பினால் இல்லை. பார்த்த நேரமல்ல, தாண்டிய நேரம்தான் கணக்கு.

சிக்கல் உள்ளூர்க்காரர்களால்தான் வரும். டர்க்கி வல்ச்சர் என்ற பிணந்தின்னி இந்த மலையிலேயே குடியிருக்கிறது. காலையில் தெற்கே போகும், மத்தியானம் வடக்கே வரும், மறுபடி தெற்கே போகும். ஒரே பறவையை நாலு தடவை எண்ணலாம். வழிப்போக்கன் நேர்கோட்டில், உயரத்தில், நின்று பாராமல் போகும். உள்ளூர்க்காரன் கீழே வட்டமடித்துக்கொண்டு சரிவையே மோப்பம் பிடிக்கும். ஐயமிருந்தால் விட்டுவிடுங்கள். இந்த வேலையில் கூடுதலாக எண்ணுவதைவிடக் குறைவாக எண்ணுவது மேல் என்பது என் கட்சி.

ஆறாம் படி: கூட்டத்தை எண்ணுவது

வெயில் ஏறியதும் தரையிலிருந்து சூடான காற்று தூணாக எழும்பும். பிராட்விங்குகள் அதற்குள் புகுந்து சுற்றிச் சுற்றி இறக்கையடிக்காமலே மேலே போகும். இந்தச் சுழலும் கூட்டத்தை இங்கே கெட்டில் என்கிறார்கள், கொதிக்கும் பாத்திரம்போல் இருப்பதால்.

கெட்டில் சுழலும்போது எண்ணாதீர்கள். கடைசிவரை இதைச் செய்து செய்துதான் நான் தோற்றேன். எண்ணியது சுற்றி மறுபடி முன்னால் வரும், எண்ணாதது பின்னால் ஒளியும், 30 என்று முடித்துத் திரும்ப எண்ணினால் 50 வரும். பொறுமையாக உச்சியைப் பாருங்கள். காற்றுத்தூண் வலுவிழக்கும் உயரத்துக்கு வந்ததும் பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கையை மடக்கித் தெற்கு நோக்கிச் சறுக்கும். கூட்டம் கயிறாகிவிடும். அப்போது பைனாகுலரை அசைக்காமல் ஓரிடத்தில் பிடித்து, அந்த இடத்தைத் தாண்டும் ஒவ்வொன்றுக்கும் எண்ணியை அழுத்துங்கள். பெரியவர் "பொறுத்திருந்து" 63 எழுதியது இப்படித்தான்.

நூற்றுக்கணக்கில் வந்தால் ஒவ்வொன்றாக எண்ண நேரம் இருக்காது. முதல் பத்தை ஒழுங்காக எண்ணி, அந்தப் பத்து பைனாகுலரில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த அளவால் மீதிக் கயிற்றை அளந்துகொண்டே போங்கள். இதற்கு வீட்டிலேயே பழகலாம். துவரம்பருப்பு ஒரு பிடி எடுத்து மேஜையில் வீசுங்கள். மூன்று நொடியில் ஓர் எண் சொல்லுங்கள், பிறகு எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் குறைவாகத்தான் சொல்லியிருப்பீர்கள், கூட்டம் பெரிதாகப் பெரிதாகக் குறைவும் பெரிதாகும். இரண்டு வாரம் தினம் பத்து தடவை வீசினால் கண் திருந்திவிடும். பருப்பு சாம்பாருக்குப் போகலாம்.

ஏழாம் படி: யார் என்று கேட்பது

நிறத்தை மறந்துவிடுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எல்லாப் பருந்தும் கறுப்பு. வடிவமும் நடையும்தான் பெயர் சொல்லும். நம்மூரில் வயல்வரப்பில் போகிறவர் யார் என்று நடையை வைத்தே சொல்லிவிடுவார்கள் இல்லையா, அப்படி.

டர்க்கி வல்ச்சர் இறக்கையை வி எழுத்தாகத் தூக்கிவைத்து, குடித்தவன்போல் இடமும் வலமும் ஆடும். வெண்தலைக் கழுகு பலகைபோல் தட்டையாக, ஆடாமல் போகும். பொன்கழுகின் இறக்கை லேசாக மேலே தூக்கியிருக்கும், தலை சிறியது. விராலடிப்பான் எதிரே வரும்போது எம் எழுத்து. பூனைப்பருந்தின் இறக்கையும் வி தான், ஆனால் உடம்பு ஒல்லி, வால் நீளம், வால் தொடங்கும் இடத்தில் மேல்பக்கம் வெள்ளைத் திட்டு. கூர்முனை இறக்கையோடு விறுவிறு என்று போனால் எழால் இனம்: சிறியது கெஸ்ட்ரல், சிறியதாக இருந்தும் கோபக்காரன்போல் நேராகப் பாய்வது மெர்லின், பெரியது பைரி.

பிராட்விங் சறுக்கும்போது இறக்கை மெழுகுவத்திச் சுடர்போல் நுனி நோக்கிக் குறுகும், ஓரத்தில் கறுப்புக் கரை. ரெட்டெயில் பருந்து கனமானது, அகன்றது, பெரும்பாலும் வயிற்றின் குறுக்கே கறுத்த பட்டை.

உயிரை வாங்குவது ஷார்ப்ஷின்னும் கூப்பர்ஸ் என்ற பருந்தும்தான். இரண்டும் நாலைந்து அடி அடித்து ஒரு சறுக்கு, மறுபடி நாலைந்து அடி. ஷார்ப்ஷின் சிறியது, அடி வேகம், தலை தோளுக்குள் புதைந்து டி எழுத்துபோல் இருக்கும். கூப்பர்ஸின் தலை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிலுவை பறப்பதுபோல். ஆனால் பெண் பறவைகள் ஆணைவிடப் பெரியவை என்பதால், ஷார்ப்ஷின் பெண்ணும் கூப்பர்ஸ் ஆணும் அளவில் நெருங்கி வந்துவிடும். பல ஆண்டு எண்ணியவர்களே இதில் சண்டை போடுவார்கள்.

தெரியவில்லை என்றால் 'அடையாளம் தெரியாதது' என்ற கட்டத்தில் போடுங்கள். இனம் மட்டும் தெரிந்தால் "எழால் இனம், எது என்று தெரியவில்லை" என்று எழுதலாம். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் தாளை நான் நம்ப மாட்டேன்.

எட்டாம் படி: தாள்

வட அமெரிக்காவில் இதற்கென்றே 1974இல் தொடங்கிய பருந்து வலசைச் சங்கம் ஒரு தாள் வைத்திருக்கிறது. சாரம் இதுதான். ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பத்தி. வரியின் தொடக்கத்தில் காற்றின் வேகம், திசை, வெப்பம், மேகம் எத்தனை விழுக்காடு, எவ்வளவு தூரம் தெரிகிறது, பறவைகள் கண்மட்டத்துக்குக் கீழா, வெறுங்கண்ணுக்குத் தெரியும் உயரமா, பைனாகுலர் இல்லாமல் தெரியாத உயரமா, எத்தனை பேர் எண்ணுகிறீர்கள். முடிந்தபோது வயதும், ஆணா பெண்ணா என்பதும்.

எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்பதைக் குறிக்காத கணக்கு வெறும் கதை. இந்த ஆண்டு 500, போன ஆண்டு 300 என்றால் பறவை கூடியதா, நீங்கள் கூடுதல் நாள் உட்கார்ந்தீர்களா? மணிக்கு எத்தனை என்று வகுத்தால்தான் தெரியும். வெண்தலைக் கழுகு மீண்டு வந்ததும் கெஸ்ட்ரல் குறைந்துகொண்டே போவதும் இப்படி வகுத்துப் பார்த்துத்தான் பிடிபட்டது. கெஸ்ட்ரல் இன்றும் தினம் கண்ணில் படும் பறவைதான். குறைகிறது என்று கண்ணால் மட்டும் பார்த்தால் யாருக்கும் தோன்றாது.

இதே காரணத்தால் வாரக்கடைசியில் மட்டும், நல்ல காற்றுக்கு மட்டும் வருகிறவர்களின் தாள் அழகாக இருக்கும், பயன் குறைவு. தனி ஆளாகத் தினமும் முடியாது, எனக்கும் முடியாது. "ஒவ்வொரு செவ்வாயும், ஒன்பது முதல் ஒன்று வரை" என்று முன்கூட்டியே முடிவு செய்து, காற்று எப்படி இருந்தாலும் போங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் எண்ண விரும்பினால் முகட்டைத் தேட வேண்டாம். அக்டோபருக்கு மேல் வடக்கிலிருந்து பூனைப்பருந்துகள் நம் புல்வெளிகளுக்கும் மானாவாரிக் காடுகளுக்கும் வருகின்றன. பகலில் சிதறி மேய்ந்துவிட்டு, அந்தியில் புல்வெளித் தரையில் கூட்டமாக வந்து அடையும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தள்ளி உட்கார்ந்து, இருட்டும்வரை உள்ளே இறங்குகிறவற்றை எண்ணுங்கள். இறங்கியது எழும்பி வேறிடத்தில் மறுபடி இறங்கும், அதைக் கழிக்க வேண்டும். அடையும் புல்லுக்குள் நடக்காதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள். அந்த இடத்தைச் சமூக ஊடகத்தில் போடவும் வேண்டாம். எண்ணியதை, பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் இணையதளத்தில் நேரத்தோடு ஏற்றினால் போதும்.

ஒன்பதாம் படி: அன்றைக்கே முடிப்பது

மலையிலிருந்து இறங்கியதும், வண்டி கிளப்புமுன், ஒவ்வொரு பத்தியையும் கூட்டி, குறுக்கே கூட்டியதோடு சரிபாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் எந்த மணியில் பிசகியது என்று அப்போதுதான் நினைவிருக்கும். மறுநாள் காலையில் எல்லாக் கெட்டிலும் ஒரே கெட்டிலாகிவிடும். ஹாக் மவுன்டன்போல முறையாகப் பதிவான மலைகளின் கணக்கு சங்கத்தின் பொதுத் தளத்தில் அன்றாடம் ஏறுகிறது, யாரும் பார்க்கலாம். நீங்கள் தனியாக எண்ணியது இபேர்டுக்குப் போகட்டும்.

டிசம்பரில் ஒரு செவ்வாய் எனக்கு இப்படி முடிந்தது. ஒன்பதிலிருந்து பத்து: 0. பத்திலிருந்து பதினொன்று: 0. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு: ரெட்டெயில் 1, முதிர்ந்தது. பன்னிரண்டிலிருந்து ஒன்று: 0. காற்று தென்கிழக்கு, மேகம் 100 விழுக்காடு, எண்ணியவர் ஒருவர். மூன்று பூச்சியத்தையும் எழுதிவிட்டுத்தான் இறங்கினேன்.